பாராகிளைடிங் பழகப் போகிறீர்களா? தரையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். படகோ ஜீப்போ இழுக்க, கயிற்றின் நுனியில் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு போவது பாராசெய்லிங். அதில் நீங்கள் வெறும் பயணி. விமானத்திலிருந்து குதித்து இறங்குவது ஸ்கைடைவிங். அலுமினியக் குழாய்ச் சட்டம் போட்ட முக்கோண இறக்கையின் கீழ் குப்புறப் படுத்தபடி பறப்பது ஹேங் கிளைடிங். பாராகிளைடிங் இவை எதுவும் இல்லை. எஞ்சினும் சட்டமும் இல்லாத ஒரு துணி இறக்கையை மலைச்சரிவில் விரித்து, அதைக் காற்றில் நிமிர்த்தித் தலைக்கு மேல் நிறுத்தி, சொந்தக் காலால் ஓடி வானத்தில் ஏறுவது. இறங்கியதும் மடித்து முதுகில் மாட்டிக்கொண்டு நடந்து போய்விடலாம்.

யாரோ பறப்பதை அண்ணாந்து பார்த்துவிட்டு ‘நாமும் பழகலாமா’ என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடமாகப் பறந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. இந்த விளையாட்டில் நெடுநாள் நீடிக்கிறவர்கள் தைரியசாலிகள் அல்ல. தரையில் மணிக்கணக்காக இறக்கையோடு மல்லுக்கட்டத் தயாராக இருப்பவர்களும், மலை உச்சி வரை ஏறிய பிறகும் ‘இன்று வேண்டாம்’ என்று இறங்கத் தெரிந்தவர்களும்தான் நீடிக்கிறார்கள். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் தரையிலேயே நடப்பதற்குக் காரணம் அதுதான்.

துணி எப்படிப் பறக்கிறது?

பாராகிளைடர் ஒற்றைத் துணி அல்ல. மேல் துணி, கீழ்த் துணி என்று இரண்டு அடுக்கு. நடுவில் துணிச் சுவர்கள் வைத்து நிறைய அறைகளாகத் தைத்திருப்பார்கள். முன் விளிம்பில் அறைகளுக்கு வாய் திறந்திருக்கும். பின் விளிம்பு மூடியிருக்கும். முன்னால் நகரும்போது அந்த வாய்களின் வழியே காற்று புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்திக்கொண்டு நிற்கும். அந்த அழுத்தம்தான் துணியை விமான இறக்கையின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. இறக்கைக்குச் சுமார் 7 மீட்டர் கீழே, மெல்லிய கயிறுகளின் முனையில், ஊஞ்சல் பலகை போல நீங்கள் தொங்குகிறீர்கள். கயிறுகளை எல்லோரும் ‘லைன்’ என்றுதான் சொல்வார்கள். அவை சேர்ந்து முடியும் தடித்த நாடா ‘ரைசர்’. உட்காரும் இருக்கை ‘ஹார்னஸ்’. இரண்டு கையிலும் பிடித்திருப்பது பிரேக்.

புதியவர்கள் பறக்கும் இறக்கை, பிரேக்கைத் தொடாமல் விட்டால் மணிக்கு 36 கிலோமீட்டர் வாக்கில் போகும். அமைதியான காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு ஒன்பது மீட்டர் முன்னால் போய்விடும். நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக உயரம் குறையும். ஆக, 300 மீட்டர் உயர மலையிலிருந்து கிளம்பினால், மேலே தூக்கும் காற்று எதுவும் கிடைக்காவிட்டால், நாலரை நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவீர்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறவர்களும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். இறங்கும் வேகத்தைவிட வேகமாக மேலே போகும் காற்றைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குள் இருக்கிறார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றடைக்கும் அறைகள் கொண்ட இந்த வடிவம் 1960-களில் டோமினா ஜால்பர்ட் உருவாக்கியது. அப்போது அது பாராசூட்டாகவே பயன்பட்டது. 1978-இல் பிரான்ஸின் மியூசி என்ற மலைக்கிராமத்தில், விமானம் இல்லாமலே குதித்துப் பழக வழி தேடிய பாராசூட் வீரர்கள் சிலர், சதுரப் பாராசூட்டை விரித்துச் சரிவில் ஓடிக் கிளம்பினார்கள். இந்த விளையாட்டு ஐரோப்பாவில் பரவியது அங்கிருந்துதான்.

முதல் படி: இன்னொருவரோடு பறந்து பாருங்கள்

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் ஒரு டேண்டம் பறத்தல் போய் வாருங்கள். பெரிய இறக்கை ஒன்றில், முன்னால் நீங்கள், பின்னால் அனுபவப்பட்ட பைலட். இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். ‘ஓடுங்கள்’ என்றால் ஓட வேண்டும். அவர் சொல்லும்வரை உட்காரக் கூடாது. பலரும் கால் தரையில் இருக்கும்போதே நாற்காலி கிடைத்துவிட்டது போல உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு பேரும் புட்டத்தால் சரிவில் இழுபடுவார்கள்.

சாகசம் வேண்டாம், சும்மா மிதந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுழற்றுவதும் ஆட்டுவதும் வயிற்றைப் புரட்டும். அந்தக் குமட்டலை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு பிடிக்கிறதா என்று முடிவு செய்ய முடியாது. கேமராவைக் கொஞ்சம் மறந்துவிட்டு, பைலட்டின் கைகளைத் திரும்பிப் பாருங்கள். எவ்வளவு குறைவாக அசைகின்றன என்பது ஆச்சரியமாக இருக்கும்.

‘எனக்கு உயரம் என்றால் பயம்’ என்று பலர் சொல்வார்கள். மொட்டைமாடி விளிம்பில் நின்றால் கால் கூசுகிறவர்கள் பாராகிளைடரில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். காலடியிலிருந்து தரை வரை கண்ணால் தொடர ஒரு சுவரோ பாறையோ இல்லாததால், உயரம் வேறு மாதிரி தெரிகிறது. அந்தப் பயத்தை மட்டும் காரணமாக வைத்து ஒதுங்கிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு ஒரே ஒரு வழிதான் சொல்வேன். பணம் கட்டாமல் ஒரு நாள் முழுக்க அவர்களின் பயிற்சி மைதானத்தில் போய் உட்காருங்கள். ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இறக்கையைத் தொடும் ஒவ்வொரு மாணவனும் ஹெல்மெட் போட்டிருக்கிறானா? மேலே கிளம்பும் இடத்தில் ஓர் ஆசிரியர், கீழே இறங்கும் இடத்தில் இன்னோர் ஆசிரியர், இருவர் கையிலும் வாக்கிடாக்கி இருக்கிறதா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? தப்பு செய்த மாணவனிடம் எப்படிப் பேசுகிறார்கள்? கத்துகிற ஆசிரியரிடம் பழகினால், வானத்தில் அவர் குரல் கேட்டதும் கை இறுகிவிடும். அது நல்லதல்ல.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடைசியாக எப்போது காற்று சரியில்லை என்று வகுப்பை நிறுத்தினீர்கள்?’ நல்ல பள்ளிக்குச் சட்டென்று பதில் வரும். போன வாரம்தான் என்பார்கள். யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

ஆசிரியருக்கு அந்த நாட்டின் சங்கமோ அரசோ தந்த உரிமம் இருக்க வேண்டும். சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு வகுத்த பாராபுரோ என்ற படிவரிசை பல நாடுகளில் அடிப்படையாக இருக்கிறது. அதில் ஐந்து நிலை. தரையை ஒட்டித் தாவுவது முதல் நிலை. உயரத்திலிருந்து மிதந்து இறங்குவது இரண்டாவது. ஆடும் காற்றில் இறக்கையை அடக்கிப் பறப்பது மூன்றாவது. ஏறும் காற்றில் உயரத்தைத் தக்கவைப்பது நாலாவது. ஊர் விட்டு ஊர் பறப்பது ஐந்தாவது. உங்கள் பள்ளி எந்த நிலை வரை சொல்லித் தருகிறது, முடித்தால் என்ன சான்று தருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்படைப் பயிற்சிக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் என்பார்கள். நீங்கள் அதோடு மூன்று நான்கு நாளைச் சேர்த்து ஒதுக்குங்கள். காற்று உங்கள் விடுமுறையைப் பார்த்து வீசாது. திரும்பும் பயணச்சீட்டுக்கு முந்தின நாள் ‘எப்படியாவது ஒரு தடவை’ என்று ஆசிரியரை நச்சரிப்பவர்கள்தான் வேண்டாத காற்றில் கிளம்புகிறார்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, பதினைந்து கிலோ சுமையோடு முப்பது மீட்டர் ஓட முடிந்தால் போதும். முழங்காலும் கணுக்காலும் நன்றாக இருக்க வேண்டும். வலிப்பு, இதயக் கோளாறு, முதுகுத்தண்டில் அறுவை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், ஆசிரியரிடம் மறைக்காதீர்கள்.

மூன்றாம் படி: இறக்கையோடு தரையில்

இதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஆங்கிலப் பெயரையே தமிழிலும் சொல்கிறார்கள்: கிரவுண்ட் ஹேண்ட்லிங். சமதரையில் நின்றபடி இறக்கையை எழுப்புவது, தலைக்கு மேல் நிறுத்தி வைப்பது, அதோடு நடப்பது, திரும்பக் கீழே படுக்கவைப்பது. கால் தரையைவிட்டு எழும்பாது. பார்ப்பவர்களுக்கு, ஆள் பெரிய பட்டம் விட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும். பட்டம் விட்டவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். நூலில் வரும் துடிப்பைக் கொண்டு மேலே காற்று என்ன செய்கிறது என்று அறியும் அதே பழக்கம்தான் இங்கேயும்.

காற்று குறைவாக இருந்தால் முன்னோக்கிக் கிளம்பும் முறை. இறக்கை உங்கள் பின்னால் பிறை வடிவில் விரிந்திருக்கும். முன்வரிசை லைன்கள் சேரும் ஏ ரைசரை இரண்டு கையிலும் லேசாகப் பிடித்து, நெஞ்சை முன்னே தள்ளி ஓட வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, கையால் இறக்கையை இழுப்பது. கையால் இழுத்தால் முன் விளிம்பு மடங்கி இறக்கை சுருண்டு விழும். இழுக்க வேண்டியது உங்கள் உடம்பு. ஹார்னஸ் அந்த இழுப்பை ரைசருக்குக் கொண்டுபோகும். கை வழிகாட்டினால் போதும்.

காற்று கொஞ்சம் நன்றாக இருந்தால் திரும்பி நின்று எழுப்பும் முறை. இறக்கையைப் பார்த்தபடி நிற்பீர்கள். ரைசர்கள் முன்னால் குறுக்காக இருக்கும். இறக்கை தலைக்கு மேல் வந்ததும் திரும்பி ஓடுவீர்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தடவை முடிவு செய்துவிட்டு, வாழ்நாள் முழுக்க அதே பக்கம் திரும்புங்கள். ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று பழகினால், அவசரத்தில் தப்பான பக்கம் திரும்பி, லைன்கள் முறுக்கியபடியே தரையைவிட்டு எழும்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என்ன செய்வது? கை முதலில் பிரேக்கைத் தேடும். அதற்கு முன் காலை நகர்த்துங்கள். இறக்கை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஓடி, அதன் நடுவுக்கு அடியில் போய் நில்லுங்கள். பாதிச் சரிவு அதிலேயே நேராகிவிடும். மீதியைப் பிரேக்கால் சரிசெய்யலாம். இதைத் தலையால் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். காலுக்குப் புரிய இருபது மணி நேரம் ஆகும். எனக்கு இருபதுக்கும் மேல் ஆனது.

பழக ஆரம்பித்த நாட்களில் ஒரு மாலை, காற்று மெல்ல வலுத்துக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் இறக்கையை எழுப்பினேன். அது தலைக்கு மேல் வந்து நிற்கவில்லை. என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனது. பயத்தில் இரண்டு பிரேக்கையும் இழுத்தேன். பிரேக் பிடித்தால் நிற்கும் என்பது சைக்கிளில் சரி. இங்கே பிரேக்கை இழுக்க இழுக்க இறக்கை இன்னும் அதிகமாகக் காற்றை வாங்கும். முப்பது நாற்பது மீட்டர் முள்ளிலும் கல்லிலும் இழுபட்டேன். ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு மண்டையில் விழுந்திருக்க வேண்டியது. அன்று கற்ற பாடம் இரண்டு. ஒன்று, இறக்கை இழுத்தால் பின்வரிசை ரைசர்களை இழுத்து அதைச் சாகடித்து, அதை நோக்கியே ஓட வேண்டும். எதிர்த்து நின்றால் அது விடாது. எழுப்பப் பழகும் முன் இறக்கையை அடக்கும் இந்த முறையைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். இரண்டு, தரையில்தானே என்று ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் இறக்கையைத் தொடக் கூடாது. லைனை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மெல்லியதாக இருந்தாலும் அது ஆளைத் தாங்கும் கயிறு, விரலை அறுத்துவிடும்.

காற்றின் கணக்கு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நாலு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் சொன்னபடி கேட்ட இறக்கை, 20-இல் உங்களை ஓட ஓட இழுப்பது அதனால்தான்.

நாலாம் படி: சாமான்கள்

பயிற்சி முடியும்வரை எதையும் வாங்காதீர்கள், காலணியைத் தவிர. கணுக்காலை மூடிப் பிடிக்கும் காலணி வேண்டும். கொக்கி வைத்த நாடா இருக்கக் கூடாது, லைன் மாட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் பள்ளியில் இருக்கும்.

பிறகு வாங்கும்போது இறக்கையின் பாதுகாப்பு வகுப்பைப் பாருங்கள். ஐரோப்பியத் தரச் சோதனையில் ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பு. ஏ என்பது தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும், தப்பை மன்னிக்கும் இறக்கை. எழுத்து ஏற ஏற வேகம் கூடும், மன்னிப்பு குறையும். முதல் இறக்கை ஏ தான். ‘பி வாங்கினால் நீண்ட நாள் வைத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள்.

ஒவ்வொரு இறக்கைக்கும் எடை வரம்பு எழுதியிருக்கும். அது உடல் எடை இல்லை. உடம்பு, உடுப்பு, ஹார்னஸ், இறக்கை எல்லாம் சேர்ந்த மொத்தம். 65 கிலோ ஆள் 17 கிலோ சாமானோடு 82 கிலோ. 75 முதல் 95 வரை என்று போட்ட இறக்கை அவருக்குப் பொருந்தும். வரம்புக்குக் கீழே இருந்தால் இறக்கை தொய்வாக, எளிதில் மடங்குவதாக இருக்கும். மேலே போனால் வேகமும் முரட்டுத்தனமும் கூடும்.

பழைய இறக்கை வாங்கலாம், ஆனால் ஆசிரியர் பார்க்காமல் வேண்டாம். நைலானுக்கு எமன் வெயில். பளபளவென்று புதிதாகத் தெரியும் துணியும் வெயிலில் கிடந்து நைந்திருக்கலாம். காற்று அதன் வழியே கசியும். கசிவையும் லைன்களின் நீளத்தையும் வலுவையும் அளக்கும் பரிசோதனைச் சாலைகள் இருக்கின்றன. அந்தச் சான்று இல்லாத பழைய இறக்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஹார்னஸுக்குள் ஒரு ரிசர்வ் பாராசூட் இருக்கும். இறக்கை மீட்க முடியாதபடி கெட்டுவிட்டால் அதன் பிடியை உருவி வீச வேண்டும். குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை பிரித்து, காற்றாட விட்டு, தெரிந்தவரைக் கொண்டு மடிக்க வேண்டும். ஒவ்வொரு பறத்தலிலும், காற்று அமைதியாக இருக்கும்போது, கண்ணால் பார்க்காமல் கையைக் கொண்டுபோய் அந்தப் பிடியை ஒரு தடவை தொட்டுவிட்டு வாருங்கள். தேவைப்படும் அன்று கைக்கு வழி தெரிந்திருக்கும்.

ஐந்தாம் படி: காற்றைப் படிப்பது

காற்று கண்ணுக்குத் தெரியாது. அது செய்வது தெரியும். கிளம்பும் இடத்துக்குப் போனதும் பையை இறக்கிவிட்டு, பதினைந்து நிமிடம் எதையும் பிரிக்காமல் நில்லுங்கள். புல் எப்படிச் சாய்கிறது, ஒரே சீராகச் சாய்கிறதா விட்டு விட்டா? கீழே மரங்களின் இலை எப்போது புரள்கிறது, அந்தக் காற்று உங்களை வந்தடைய எவ்வளவு நேரமாகிறது? தூரத்துப் புகை எந்தப் பக்கம்? பருந்துகள் இறக்கை அடிக்காமல் ஏறுகின்றனவா? திசை காட்டக் கட்டிய துணிக்குழாய் இங்கே ஒரு பக்கமும், கீழே இறங்கும் இடத்தில் வேறு பக்கமும் பறக்கிறதா?

புதியவருக்கு ஏற்ற காற்று, சரிவின் முகத்தில் நேராக மோதும் மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான சீரான காற்று. வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். 18-இலேயே நிற்கும் காற்றில் பறக்கலாம். 8-க்கும் 24-க்கும் இடையே துள்ளும் காற்றில் கூடாது. உங்கள் இறக்கை 36-இல் பறக்கும் என்றால், எதிர்காற்று 30-ஐத் தொட்டதும் நீங்கள் நடக்கும் வேகத்தில்தான் முன்னேறுவீர்கள்; 36-ஐத் தாண்டினால் பின்னோக்கிப் போவீர்கள்.

பின்னோக்கிப் போனால் என்ன? அங்கேதான் மலையின் முதுகு இருக்கிறது. ஓடும் ஆற்றில் ஒரு பாறையைப் பாருங்கள். பாறையின் முன்பக்கம் தண்ணீர் வழுவழுவென்று ஏறி வரும். பின்பக்கம் சுழித்துக் கொந்தளிக்கும். மலைக்கும் அதே கதை. காற்று மோதும் முகத்தில் தூக்கல் கிடைக்கும்; முதுகுப்பக்கம் சுழலும். அந்தச் சுழலுக்கு ரோட்டர் என்று பெயர். எவ்வளவு தேர்ந்தவரும் அதற்குள் போகக் கூடாது. மலைக்கு மட்டுமல்ல, மரவரிசை, கட்டடம் எல்லாவற்றின் பின்னாலும் சிறிய அளவில் இது உண்டு. இறங்கும் இடத்துக்கு முன்னால் உயரமான மரங்கள் இருந்தால் கவனம்.

வெயில் ஏறினால் தரை சூடாகி, மேலிருக்கும் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். இதுதான் தெர்மல். அனுபவசாலிகள் இதற்குள் வட்டமடித்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஏறுகிறார்கள். புதியவருக்கு இதே தெர்மல், முரட்டுக் காளை. அதனால்தான் பயிற்சியெல்லாம் காலையிலும் மாலையிலும் நடக்கிறது. நண்பகலில் ஆசிரியர் உங்களை நிழலில் உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதெல்லாம் நெல்லுக்குச் சரி.

மேகத்தில் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: காலிஃபிளவர் போல மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும் மேகம். அது இடிமேகமாகும். அதன் அடிவயிறு காற்றை உறிஞ்சும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், உலகப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை அப்படி ஒரு மேகம் 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துப் போனது. பயணிகள் விமானம் பறக்கும் உயரம் அது. உறைபனியில் அரை மணி நேரத்துக்கும் மேல் நினைவிழந்திருந்த அவர், இறக்கை தானாகவே பறந்துகொண்டிருந்ததால் நினைவு திரும்பி உயிரோடு இறங்கினார். அதே நாள், அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார். இரண்டு பேருமே கற்றுக்குட்டிகள் அல்ல. இடிமேகம் தொலைவில் இருந்தாலும் அதிலிருந்து புறப்படும் காற்று பல கிலோமீட்டர் தாண்டி வந்து அறையும். வானத்தில் எங்கே அது தெரிந்தாலும் இறக்கை பையிலேயே இருக்கட்டும்.

ஆறாம் படி: முதல் தனிப் பறத்தல்

முதலில் முப்பது ஐம்பது மீட்டர் உயரச் சிறு குன்று. சில நொடிகள்தான் கால் தரையைவிட்டு விலகும். அங்கே கிளம்புவதும் இறங்குவதும் பழகிய பிறகே உயரமான மலை.

கிளம்பும் முன் ஐந்து சரிபார்ப்பு உண்டு. நான் இதை ஐந்து சொல்லாக வைத்திருக்கிறேன்: உடம்பு, இணைப்பு, இறக்கை, காற்று, வானம். ஹெல்மெட்டும் ஹார்னஸின் கால் பட்டை, மார்புப் பட்டையும் பூட்டியிருக்கின்றனவா? ரைசர்களை ஹார்னஸோடு கோக்கும் கேரபினர்கள் மூடியிருக்கின்றனவா, லைன்களில் சிக்கோ குச்சியோ இல்லையா? இறக்கை நடுவாக, வாய் திறந்தபடி விரிந்திருக்கிறதா? காற்று நேராக, அளவாக வருகிறதா? முன்னாலும் மேலேயும் பின்னாலும் வானம் காலியா? இந்த ஐந்தையும் உதடசைத்துச் சொல்லுங்கள், விரலால் தொட்டுச் சொல்லுங்கள். நடுவில் யாராவது பேசி இடைமறித்தால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

கால் பட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பூட்ட மறந்தவர் தரையில் நிற்கும்போது எதையும் உணர மாட்டார். எழும்பிய பிறகுதான், ஹார்னஸிலிருந்து நழுவி, கக்கத்தால் தொங்குவது தெரியும். புதியவர்கள் மட்டுமல்ல, ஆயிரம் தடவை பறந்தவர்களும் இதில் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? எல்லாம் பூட்டியாகிவிடும், ஏதோ ஒன்றை எடுக்க ஹார்னஸைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து பாதி மட்டும் பூட்டியிருப்பார்கள். நான் ஓடுவதற்கு முந்தின நொடியில்கூடத் தொடையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஓட்டம் மூன்று கட்டம். இறக்கையை எழுப்புவது; தலைக்கு மேல் வந்ததும் பிரேக்கால் லேசாக நிறுத்தி, ஒரு நொடி அண்ணாந்து பார்ப்பது; சரியாக இருந்தால் முழு வேகத்தில் ஓடுவது. அந்த ஒரு நொடிப் பார்வையில் எதுவும் சரியில்லை என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்துவதில் வெட்கமே இல்லை. ஓடும்போது குதிக்காதீர்கள். பாதம் காற்றில் உதைக்க ஆரம்பித்த பிறகும் ஓடிக்கொண்டே இருங்கள். தரை விலகிப் போகும். திடீரென்று சத்தம் எல்லாம் அடங்கி, லைன்களில் காற்று உரசும் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். சரிவைவிட்டு நன்றாக விலகிய பிறகு உட்காருங்கள்.

வானத்தில் உங்களுக்கு வேலை குறைவு. கைகளைத் தோளுக்கு மேலே வைத்து, வாக்கிடாக்கியில் வரும் குரலைக் கேளுங்கள். திரும்ப வேண்டுமானால் பார், சாய், இழு என்ற வரிசை: திரும்பும் பக்கத்தைப் பாருங்கள், அந்தப் பக்கம் உடம்பைச் சாயுங்கள், பிறகு அந்தப் பக்கப் பிரேக்கை மெல்ல இழுங்கள். பயம் வந்தால் எல்லோரும் எதையாவது இறுகப் பற்றிக் கீழே இழுப்போம். இங்கே கையில் இருப்பது பிரேக். இரண்டையும் ஆழமாக இழுத்துப் பிடித்தால் இறக்கை பறப்பதையே நிறுத்திவிடும். பயமாக இருந்தால் கை மேலே போக வேண்டும் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஆடும் காற்றில் இறக்கையின் ஓரம் மடங்கினாலும், ஏ வகுப்பு இறக்கை பெரும்பாலும் சில நொடிகளில் தானே விரிந்துகொள்ளும். மலையைவிட்டு விலகும் திசையில் உடம்பைச் சாய்த்துத் திசையைக் காப்பாற்றுங்கள்.

இறங்குவது எப்போதும் காற்றை எதிர்த்து. மைதானத்தின் ஓரத்தில் வளைந்து வளைந்து உயரத்தைக் குறைத்து, கடைசியில் நேர்கோட்டில் வர வேண்டும். அந்த நேர்கோட்டில் ஹார்னஸிலிருந்து காலைக் கீழே இறக்கி, நிற்கும் நிலைக்கு வாருங்கள். கைகள் மேலே, வேகம் வேண்டும். கண் காலடியைப் பார்க்கக் கூடாது, அடிவானத்தைப் பார்க்கட்டும். பாதத்துக்கும் தரைக்கும் ஒரு மீட்டர் இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் முழுக்க இழுத்து, இரண்டு அடி ஓடி நில்லுங்கள். சீக்கிரம் இழுத்துவிட்டால் கையை மறுபடி மேலே விடாதீர்கள். இறக்கை பாய்ந்து உங்களைத் தரையில் அடிக்கும். பிடித்தபடியே, முழங்காலை ஒட்டவைத்து மடக்கி, பக்கவாட்டில் உருளத் தயாராகுங்கள்.

குறி வைத்த இடம் தப்பிவிட்டது என்று தரைக்குப் பக்கத்தில் திரும்பாதீர்கள். எலும்பு முறிவுகள் பல அந்தக் கடைசி நேரத் திருப்பத்தில்தான் நடக்கின்றன. நேராகப் போய்ப் புதரில் விழுந்தாலும் பரவாயில்லை. மின்கம்பிகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நெருங்கக் கூடாது. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களை வைத்துக் கண்டுகொள்ளுங்கள்.

பழகிய பிறகு

சான்று கையில் வந்ததும் வானத்தின் சாலைவிதிகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் விலக வேண்டும். மலையை ஒட்டிப் பறக்கும்போது, மலை உங்கள் வலப்பக்கம் இருந்தால் வழி உங்களுக்கு. இடப்பக்கம் இருந்தால் நீங்கள்தான் விலக வேண்டும். ஏனென்றால் எதிரில் வருபவருக்கு விலக இடமில்லை, மலை இருக்கிறது. தெர்மலுக்குள் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ எல்லோரும் அந்தப் பக்கம்.

ஐம்பது மணி நேரம் தாண்டும்போது ஒரு கட்டம் வரும். எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கும். வேகமான இறக்கை கண்ணை உறுத்தும். நண்பர்கள் பறக்கும் காற்றில் நாமும் பறந்தால் என்ன என்று தோன்றும். அந்தச் சமயத்தில் புது இறக்கைக்கு வைத்த பணத்தில், நீர்நிலைக்கு மேலே நடக்கும் எஸ்ஐவி பயிற்சிக்குப் போங்கள். கீழே மீட்புப் படகு காத்திருக்க, ஆசிரியரின் குரலைக் கேட்டபடி, இறக்கையை வேண்டுமென்றே மடக்கியும் மீட்டும் பழகுவீர்கள். ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவு காற்று, எவ்வளவு நேரம் என்பதோடு, கிளம்பாமல் திரும்பிய நாட்களையும் காரணத்தோடு எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கங்களைத்தான் அதிகம் புரட்டுகிறேன்.

கடைசியாக, இறங்கியதும் இறக்கையை மடிப்பது. ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வெயிலில் விரித்துப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டும் இருக்காதீர்கள்; நிழலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மடிக்கும் முன் பின் விளிம்பைத் தூக்கி ஒவ்வோர் அறையையும் உதறுங்கள். மணல், புல்விதை எல்லாம் முன் வாய் வழியே கொட்டும். உள்ளே வெட்டுக்கிளி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். புல்வெளியில் இறங்கினால் ஒன்றிரண்டு நிச்சயம் ஏறியிருக்கும். அதை உள்ளேயே வைத்து மடித்துவிட்டால், இருட்டில் சும்மா இருக்காது; கடித்துக் கடித்து வெளியே வழி தேடும். அடுத்த வாரம் மலை உச்சியில் விரிக்கும்போது, மடித்திருந்த அடுக்குகளிலெல்லாம் வரிசையாக ஒரே அளவில் ஓட்டைகள் இருக்கும்.